சமாதிக்கு மரப்பலகை

1994 மார்ச், சனிக்கிழமை. ஈப்போவிலிருந்து பேருந்தில் மலாக்கா வந்தேன். அங்கே செங் என்னும் பகுதியின் இடுகாட்டில் என் மனைவி மீனாட்சியின் சமாதிக்கு இன்று சிமெண்டுப் பூச்சு நடக்கிறது.

கொத்தனார் முனியாண்டி இரும்புத் தேய்ப்புப் பலகையை எடுக்கிறார். நான் பையிலிருந்து மரத்தாலான தேய்ப்புப் பலகையை நீட்டுகிறேன். ரப்பர் அடுக்கும் பெட்டியை அறுத்து என் மாமனார் செய்தது. தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களின் சுவர்களுக்கு அவர் பூசியது இதைக் கொண்டுதான். இரும்பு பின்னாளில் நகரத்து வீடுகளோடு வந்தது.

"இரும்புல இழுத்தா கண்ணாடி மாதிரி வரும்லா, சார். மரம் சொரசொரப்பு. அம்மாவுக்குக் குத்தாதா?"

"குத்தாது. அந்தச் சொரசொரப்புச் சுவர்ல சாஞ்சு வளர்ந்தவதான் அவ."

அவர் சிரித்தபடி பலகையை வாங்கி நனைத்து, வட்டமாகத் தேய்க்கத் தொடங்குகிறார். பூச்சு நான் எதிர்பார்த்தபடியே வருகிறது.

மீதமுள்ளவை: சுண்ணாம்பு அடிப்பது. பெயர் பொறிப்பது. பக்கத்து இடத்தை எனக்குக் கேட்டு வைப்பது.