பரமேஸ்வரியும் புல்வெளிக் காளையும்

காலைத் திருப்பலி முடிந்து, பாரிஸில் நம் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் வழியாகத் திரும்பினேன். பரமேஸ்வரியின் சாப்பாட்டுக் கடை அடைத்திருந்தது. பக்கத்துக் காய்கறிக் கடைக்காரர் வெளியே வந்து, "மதாம், பரமேஸ்வரியக்கா விடியக்காலமை மோசம் போயிட்டா. இருதயம் நிண்டிட்டுது" என்றார். தெருவில் அழும் பழக்கம் எனக்கில்லை. புதுச்சேரிக் கன்னியர் மடத்தில் வளர்ந்தவள். வீட்டுக்கு வந்துதான் உட்கார்ந்தேன்.

அவர் சாந்தமானவர் என்று இந்த அஞ்சலிக் குறிப்பில் எழுதினால் அவரை அறிந்த நீங்கள் சிரிப்பீர்கள். குடித்துவிட்டு வந்த ஒருவன் பரிமாறும் பெண்ணின் கையை முறுக்கியபோது, கொதிக்கும் குழம்பில் கிடந்த அகப்பையால் அவன் முகத்தில் அறைந்தவர் அவர். மேசையில் ரத்தம் சொட்டியது. துணியை அவன்மேல் எறிந்து, "துடைச்சுப்போட்டுப் போ" என்றார். துடைத்துவிட்டுத்தான் போனான்.

அவருடைய கணவரை யாழ்ப்பாணத்தில் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். மிஞ்சியவன் ஒரே மகன் சிவா, கனடாவில் ஹோட்டல் சமையற்காரன். இரண்டு கோடைகளுக்கு முன் அவனைப் பார்க்கப் போகும்போது என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். சிவா எங்களைப் பிரேரி எனும் புல்வெளிப் பூங்கா ஒன்றுக்குக் காரில் கொண்டுபோனான்.

மரமே இல்லாத நிலம், வானம்வரை புல். வளை தோண்டி வாழும் அணில்கள் பின்காலில் நின்று கத்தின. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பருந்து இறங்கி, ஒன்றின் வயிற்றைக் கிழித்தது. பார்வையாளர் கூடத்தில் ஒரு பழைய புகைப்படம்: சுடப்பட்ட பைசன் எனும் காட்டெருமைகளின் மண்டையோடுகள் மலையாகக் குவிந்திருக்க, உச்சியில் ஒருவன் நிமிர்ந்து நின்றான். பிழைத்த சிலவற்றின் சந்ததிதான் இன்றைய மந்தை என்று கீழே எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னேன்.

அது பைசன் காளைகள் பெட்டைகளுக்காக மோதும் பருவம். மண்டையும் மண்டையும் இடிக்கும் சத்தம் காருக்குள்ளேயே கேட்டது. தோற்ற காளை, விலாவில் ரத்தம் வழிய, எங்கள் பக்கம் வந்து நின்றது. இறங்கக் கூடாது என்று பலகையில் பிரெஞ்சிலும் எழுதியிருந்தது. நானும் கண்டிப்பாகச் சொன்னேன். அவர்கள் வீட்டில் மாடு வளர்த்தவர்கள். காயத்தைப் பார்க்கத் தாயும் மகனும் இறங்கினார்கள். காளை வாலை நிமிர்த்தியது. சிவா தயங்கி நின்றான்.

"பயப்பிடாதை, சாணி போடப்போகுது" என்றார் பரமேஸ்வரி.

பைசன் வாலை நிமிர்த்தினால் பாயப்போகிறது என்று பொருளாம். பிறகுதான் தெரிந்தது.

கொம்பு சிவாவின் தொடையில் ஏறியது. அவனைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடியும் திரும்பியது. பரமேஸ்வரி காலைக் குளிருக்குப் போட்டிருந்த கம்பளி மேலங்கியைக் கழற்றி அதன் முகத்தில் வீசினார். அது அங்கியைக் குத்திக் குத்திக் கிழித்து மண்ணில் தேய்த்தது. அதற்குள் சிவாவைக் கக்கத்தில் பிடித்துக் காருக்குள் இழுத்தோம். என் கையில் அவன் ரத்தம் சூடாக இருந்தது.

உயிர் தப்பியது, கால் கோணிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர் தம்மைத் தேற்ற யாரையும் விடவில்லை. "நான் சொன்னதை நம்பித்தான் நிண்டவன்" என்றார், அவ்வளவுதான். மறுநாள் பிரெஞ்சு தெரிந்த பூங்கா அதிகாரி வந்தார். அந்தக் காளை ஆபத்தானது, சுட்டுவிட யோசிக்கிறார்கள், தாயின் கருத்து என்ன என்று கேட்டார். தமிழில் சொன்னேன்.

பரமேஸ்வரி எழுந்து நின்றார். "அது தன்ரை இடத்தில நிண்டது. நாங்கள்தான் போனனாங்கள். என்ரை மனிசனைச் சுட்டவங்களும் ஆபத்தான ஆளெண்டுதான் சொன்னவங்கள். அப்பிடியே சொல்லுங்கோ மதாம், ஒண்டும் குறைக்காதையுங்கோ."

மரியாதைக்காக எதையும் மெருகேற்றாமல் பிரெஞ்சில் சொன்னேன். அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அந்தக் காளையைச் சுடவில்லை.

என் அறுபத்தெட்டு வயதில் எத்தனையோ ஜெபங்களை மனப்பாடம் செய்திருக்கிறேன். பெற்ற பிள்ளையின் ரத்தக்கறை சேலையை விட்டுப் போகுமுன் ஒரு தாய் சொன்ன அந்த வார்த்தைகளையும் அவற்றோடு வைத்திருக்கிறேன், இரண்டு மொழிகளிலும்.