டப்பாவின் அடியில் ஒரு தாள்

2005ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயம். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். எதிர்வீட்டில் ஓர் இஸ்லாமியக் குடும்பம். அந்த வீட்டு அக்கா ரம்ஜான் மாதம் முழுவதும் எங்களுக்கு நோன்புக் கஞ்சி தருவார். நாங்கள் எதைக் கொடுத்தாலும் டப்பாவை அவர் வெறுமையாகத் திருப்பித் தந்ததே இல்லை; ஒரு பிடி சர்க்கரையாவது உள்ளே இருக்கும்.

நான் பட்டப்படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் திருச்சபையின் வாலிபர் கூட்டத்தில் ஆளுக்குப் பத்து நற்செய்திக் கைப்பிரதிகள் கொடுத்து, பண்டிகைக்குள் பத்துப் பேரிடம் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். எட்டை மின்சார ரயிலில் கொடுத்துவிட்டேன். ஒன்பதாவதை, அக்காவுக்காக அம்மா எடுத்துவைத்த டப்பாவில், கேக்குக்கு அடியில் செருகினேன். நேரில் பேசத் துணிவில்லாததால்தான் ஒளித்து வைக்கிறேன் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. 'மரணத்துக்குப் பின் நீ எங்கே?' என்பது அதன் தலைப்பு. கீழே எரியும் நெருப்பின் படம். அக்காவின் தந்தை இறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மறுநாள் டப்பா எங்கள் வாசற்படியில் இருந்தது. கழுவித் துடைத்திருந்தது. உள்ளே அந்தத் தாள் மட்டும்.

அம்மா திட்டவில்லை. டப்பாவை என் கையில் கொடுத்து எதிர்க்கதவைக் காட்டினார். நான்கு வருடப் பழக்கம் என்னால் முறிந்துவிடுமோ என்ற பயத்தோடு போய் நின்றேன்.

"மன்னிச்சிடுங்கக்கா."

"ஏன் தம்பி, முப்பது நாள் கஞ்சி குடுத்தேனே, அதுல எதனா பேப்பர் வச்சேனா?"

"இல்லக்கா."

"எங்க அத்தா எங்க போவாருன்னு படம் போட்டுக் காட்டுற. அவரு எப்படி இருந்தாருன்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"இப்பக் கேக்கலாமாக்கா?" என்றேன்.

கதவை விரியத் திறந்தார். "உக்காரு. நின்னுகினு கேக்குற கதையா அது?"

அவருடைய தந்தை தையற்காரர். பள்ளிச் சீருடை தைத்தால், பிள்ளை வளரும் என்று இரண்டு விரல் துணியை உள்ளே மடித்து விடுவாராம். சொல்லிக்கொண்டே சிரித்தார்; அப்படியே அழுதார். பிறகு அவராகவே, "உங்க வூட்டுல யாராவது போயிட்டா, என்ன சொல்லி மனசத் தேத்திக்குவீங்க?" என்று கேட்டார். இயேசுவும் தம் நண்பனை இழந்து கண்ணீர் விட்டவர் என்பதையும், மறுபடி காண்போம் என்ற எங்கள் நம்பிக்கையையும் நான்கைந்து வாக்கியங்களில் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சரி" என்றார். அவ்வளவுதான்.

எழுந்தபோது டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சர்க்கரையோடு வந்தார்.

"டப்பாவக் காலியா வச்சது எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, தம்பி."

பத்தாவது கைப்பிரதி இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. என் விசுவாசத்தைப் பற்றி யாரிடமாவது பேச வாய் திறக்கும்போதெல்லாம், எதிரில் இருப்பவர் எதைச் சுமந்துகொண்டிருக்கிறார் என்று முதலில் கேட்கச் சொல்வது அதுதான்.