தீர்த்தம் ஊற்றிய பாசிமணிக் கொடி

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டே இருந்ததில் எனக்குக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, மூத்தவள் ஏழாம் வகுப்புக்கும் வந்துவிட்டாள். கோயிலில் கண்ணை மூடி நின்றால் எல்லாவற்றையும் அம்மனிடம் சொல்லிவிடுவேன். இந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விளக்கை ஏற்றிவிட்டு வந்துவிடுவேன். அவளுக்குத் தெரியாதா என்ன. போன மாதம் மகள் பதுளை டவுனில் ஒரு தொங்கும் கொடியை வாங்கி வந்து, “அம்மா, இதுக்கு எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி ஊத்தணும்?” என்று கேட்டாள். பதில் எனக்கு நன்றாகத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவின் தங்கை, என் சித்தி, பிள்ளைப்பேற்றுக்காக எங்கள் காம்பராவுக்கு வந்திருந்தார். லயத்தில் ஒரு குடும்பம் குடியிருக்கும் அறையைத்தான் காம்பரா என்போம். சித்திக்கு முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. இது இரண்டாவது. கொழும்பில் பூச்செடி விற்கும் இடத்தில் வேலை செய்த சித்தப்பா, கார்த்திகையில் வந்தபோது ஒரு சின்னச் சட்டியில் அந்தக் கொடியைக் கொண்டுவந்து, சன்னல் பக்கம் கம்பியில் தொங்கவிட்டுப் போனார். பச்சைப் பாசிமணியை நூலில் கோத்துவிட்டதுபோல இருக்கும்.

“தங்கச் செயின் கேட்டேன், பச்சச் செயின் குடுத்துட்டுப் போயிருக்காரு மனுசன்” என்று சித்தி சிரித்தார். ஆனால் காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார். இந்தக் கொடி நல்லபடி இறங்கி வந்தால் பிள்ளையும் நல்லபடி மடிக்கு வரும் என்று தனக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்.

லயத்தின் கடைசி காம்பராவில் ஒரு அத்தை இருந்தார். உறவில்லை, கூப்பிடுவது அப்படி. மாமா மொனராகலைப் பக்கம் கரும்பு வேலைக்குப் போய், மாதத்துக்கு ஒருமுறை வருவார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருசமாகியும் பிள்ளை இல்லை. மற்றப் பெண்கள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக, அத்தை பெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். பறித்து வந்த பச்சைக் கொழுந்தைப் பரப்பிவைத்து, காற்றுவிட்டு ஈரத்தை இறக்கும் இடம் அது. இரண்டு விரலால் ஒரு கொழுந்தை நசுக்கிப் பார்த்தே இன்னும் எவ்வளவு நேரம் வாட வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

அவர் வந்து அந்தக் கொடியையும் அப்படித்தான் தொட்டுப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“இது தண்ணிய தன் வயித்துலயே வச்சிருக்கு தங்கச்சி. நாம ஊத்த வேண்டியதில்ல. காத்துல இருக்க ஈரம்தான் இதுக்குச் சத்துரு. ஈரத்துணிய இதுக்குக் கீழ காயப்போடாதீங்க, தண்ணி கொதிக்கிற கேத்தல இந்தப் பக்கம் வைக்காதீங்க.”

“அப்ப நான் பெருமூச்சு விட்டாலும் ஆகாதாக்கா?” என்றார் சித்தி.

“நீ விடு தாயி, ஒனக்கு மட்டும் பெர்மிசன்.”

அன்றைக்குச் சித்தி அத்தையின் கையைப் பிடித்து, தையில் வளைகாப்பு வைக்கும்போது தன் பக்கத்தில் அவர்தான் உட்கார வேண்டும் என்றார். கர்ப்பிணிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, பிள்ளையில்லாத பெண்ணுக்கும் வளையல் போட்டுவிட்டால் அடுத்தது அவளுக்குத்தான் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது.

மார்கழி வந்தது. மழையும் பனிமூட்டமுமாக ஒரு மாதம். சுவரெல்லாம் வியர்த்தது. ஒருநாள் அத்தை என்னைக் கூப்பிட்டு ஒரு பால்மா டின்னைக் கொடுத்தார். உள்ளே அடுப்புக்கரியும் கல்லுப்பும் இருந்தன. “இத கொடிக்குக் கீழ வை. ஈரத்த இழுத்துக்கும். வாரத்துக்கு ஒருக்கா அடுப்புகிட்ட வச்சு காயவச்சிரு. மத்தியானம் மூட்டம் இல்லாதப்ப சன்னல ரெண்டு வெரக்கட தொறந்து வை. அம்மாகிட்டயும் சொல்லிரு, என்ன?” என்றார். தலையை ஆட்டினேன். டின்னைக் கொடிக்குக் கீழே இருந்த டிரங்குப்பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். அதோடு மறந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. குளிருக்குப் பயந்து சன்னலையும் திறக்கவில்லை.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. மார்கழி மாதம் விடியற்காலை பஜனைக்குப் போய்ச் செம்பில் தீர்த்தம் கொண்டுவருவது என் வேலை. அம்மா வீட்டைச் சுற்றித் தெளித்துவிட்டு, மிச்சத்தைக் கால் படாத இடத்தில், பின்பக்கத்துச் செம்பருத்தி அடியில் ஊற்றச் சொல்வார். பின்பக்கம் போனால் சேறு, அட்டைக்கடி. அம்மா காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுக்க ஓடியதும், சித்தி எழுந்திருக்கும் முன்னால் பெட்டி மேல் ஏறி அந்தத் தீர்த்தத்தைக் கொடிச் சட்டியில் ஊற்றிவிடுவேன். அதுவும் செடிதானே, சாமித் தண்ணி செடிக்குக் கெடுதலா செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் அட்டைக்குப் பயம், சோம்பல். அதற்குப் பக்தி என்று பெயர் வைத்தேன். மாதம் முழுக்க ஊற்றினேன்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க அம்மா சட்டியை இறக்கினார். கீழிருந்து பார்க்கப் பச்சையாகத்தான் இருந்தது, தொட்டதும் மணிகள் கொழகொழவென்று கையோடு வந்தன. வேர் அழுகி நாறியது. பெட்டியை நகர்த்தினால் பின்னால் டின். உப்புக் கரைந்து கரியோடு கறுப்புத் தண்ணீராகத் தேங்கி நின்றது. அம்மாவின் முகம் வெளிறிப்போனது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் கரியும் உப்பும் ஒளித்து வைத்திருந்தால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான், செய்வினை. சித்தி வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

“யாருடி இத வச்சது?”

“கடைசி காம்பரா அத்தை குடுத்தாங்க.”

“எதுக்கு?”

எதுக்கு என்று சொன்னால் சன்னல் வரும், தீர்த்தம் வரும், அடிக்க விறகுக்கட்டையும் வரும். “தெரியாதும்மா” என்றேன். அந்த ஒரு சொல்தான்.

வளைகாப்பு தை இரண்டாம் கிழமை நடந்தது. யாரும் கூப்பிடாததை அத்தை எங்கள் வீட்டு வேலை மும்முரம் என்று நினைத்திருப்பார்போல. பண்டாரவளையில் வாங்கிய பச்சைக் கண்ணாடி வளையலும் புதுச்சேலையுமாக வாசலுக்கு வந்தார். அம்மா எழுந்து குறுக்கே நின்றார்.

“உள்ள வராதீங்கக்கா. கரியையும் உப்பையும் எங்க வீட்டுல எதுக்கு வச்சீங்க?”

அத்தை சிரிக்கப்போனார். “அட, ஈரம் இழுக்கத்தான் தங்கச்சி, அந்தக் கொடிக்கு...”

“அப்ப எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?”

அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். பெண்கள் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். என் கையில் வடை இருந்தது. நான் அந்த வடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சொல்லாதது என் தப்புதான்” என்றார் அத்தை. வளையல் பொட்டலத்தை வாசற்படியில் வைத்துவிட்டு நடந்தார். அதை யாரும் தொடவில்லை. அப்பாதான் பிறகு ஒரு குச்சியால் தள்ளிச் சாக்கடைக் கானில் போட்டார்.

சித்திக்குப் பெண் பிறந்தது, நன்றாக இருக்கிறாள். “நல்லவேளை, வளையல் போடவிடல” என்று அம்மா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். பங்குனிக்குள் அத்தை பெக்டரி வேலையை விட்டுவிட்டு மாமாவிடம் மொனராகலைக்கே போய்விட்டார். அவருக்குப் பிள்ளை பிறந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்க முகம் இல்லை.

என்னிடம் டின்னைக் கொடுத்ததும், அம்மாவிடம் சொல்லச் சொன்னதும் அத்தைக்கு மறந்துபோய்விட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். தப்பித்தோம் என்று அந்த வடையைத் தின்று, இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றேன். “ஒங்க மகள்கிட்ட கேளுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் உள்ளே வந்து சித்தி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அத்தனை பேர் முன்னால் அம்மா என்னை அடித்திருப்பார். அவர் என்னைப் பார்த்த அந்த நேரத்தில் இரண்டையும் நிறுத்துப் பார்த்துத்தான் வாயை மூடிக்கொண்டார் என்பது, எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் புரிந்தது.

மொனராகலைப் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால் நாலு பேருக்குச் சொல்லுங்கள், எப்படியாவது அவர் காதுக்கும் போகட்டும். சொல்லும்போது, பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று என் பக்கம் ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். எனக்குத் தெரிந்திருந்தது. இருக்கிறபடியே சொல்லுங்கள்.