மூச்சு விடாத மணல்

அவன் என்றே எழுதுகிறேன். பவுண்டரியில் வேலை பார்த்த வரையில் ஒருநாள்கூட அவனை அப்படிச் சொன்னதில்லை. வாங்க, போங்க, சரிங்க என்பதைத் தவிர அவனிடம் எனக்குப் பேச்சே கிடையாது.

சிங்காநல்லூர்ப் பக்கம் அந்தப் பவுண்டரி. தண்ணி மோட்டாருக்கு பம்பு உடல் வார்ப்பார்கள். பம்புக்குள்ளே தண்ணீர் ஓட வழி வேண்டுமே, அந்த வழியின் வடிவத்தில் மணலில் ஓர் உருவம் செய்து அச்சுக்குள் வைப்போம். அதற்குப் பெயர் கோர். மணல் ஒட்டப் பாகு ஊற்றிப் பிசைந்து, அச்சில் இடித்து, ஓவனில் சுட்டு எடுப்பது என் வேலை. படிப்பு ஐந்தாவது. ஆனால் மணலை ஒரு பிடி பிடித்தால் அது மூச்சு விடுமா விடாதா என்று கைக்குத் தெரிந்துவிடும். இரும்புக் குழம்பு மேலே வந்து விழும்போது கோருக்குள்ளிருந்து ஆவி கிளம்பும். மணலுக்கு இடையே சந்து இருந்தால் அது வெளியே போகும். இல்லையென்றால் இரும்புக்குள் புகுந்து பொத்தல் போடும். அதனால் சைக்கிள் போக்ஸ் கம்பியால் கோருக்குள் ஓட்டை போடுவேன். சுட்டு ஆறியதும் வாய் வைத்து ஊதுவேன். மறுபக்கம் காற்று வந்தால்தான் அனுப்புவேன்.

புதிதாக வந்த சூப்பர்வைசர் அவன். வாட்ச்மேனுக்குக்கூட 'ங்க' போடுவான், எனக்கு மட்டும் கிடையாது. ஒருநாள் தூக்கும்போது ஒரு கோர் உடைந்துபோனது. துண்டுகளை எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினான்.

"பாருங்க இந்த லட்சணத்த. ஏம்மா, நீ கோர் செய்யறயா, புல்லாங்குழல் ஊதறயா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் கம்பியைப் பிடுங்கிக் கழிவு இரும்புக் குவியலில் எறிந்தான். "இனி ஓட்டை வேண்டாம். பாகு ரெட்டிப்பா ஊத்து. நல்லா இறுக்கி இடி. இன்னொண்ணு உடஞ்சுதுன்னா கூட்டற வேலைக்குப் போயிரு."

இத்தனை வருஷம் உட்கார்ந்த மேசை. "சரிங்க" என்றேன்.

அந்தச் 'சரிங்க'வுக்குள் நான் என்ன வைத்திருந்தேன் என்று அவனுக்குத் தெரியாது. மறுநாள் அவன் சொன்னது போலவே அச்சு அசலாகச் செய்தேன். கல்லு மாதிரி கோர், தட்டினால் மணி மாதிரி சத்தம். அவன் தட்டிப் பார்த்துத் தலையாட்டினான். ஒன்றே ஒன்றை மட்டும் என் முறைப்படி, வீட்டிலிருந்து கொண்டுவந்த வேறு கம்பியால் ஓட்டை போட்டுச் சுட்டு, சாக்குக்கு அடியில் மறைத்து வைத்தேன்.

இரும்புக் குழம்பு ஊற்றுகிற அண்ணனை நினைத்தபோதுதான் மனசு உறுத்தியது. ஆவி அடைபட்டால் இரும்பு அவர் மேலே தெறிக்குமே. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லையே.

"ஏனுங்கண்ணா, இன்னைக்கு ஒரு எட்டுத் தள்ளி நின்னு ஊத்துங்க."

"ஏன் அம்மணி?"

"மணல் மூச்சு விடாதுங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். ஓர் எட்டுத் தள்ளி நின்றார். அன்று ஊற்றிய ஒவ்வொரு அச்சின் வாயிலும் இரும்பு குபுகுபுவென்று கொதித்தது.

பம்புகளைக் கடைசல் பிடித்துத் தண்ணீர் சோதனைக்கு வைத்த அன்று முதலாளியே வந்து நின்றார். அழுத்தம் ஏற ஏற, பம்பின் வயிற்றில் வேர்வை மாதிரி தண்ணீர் துளிர்த்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததில் பீய்ச்சியே அடித்தது.

"கோர்லதாங்க கோளாறு. இந்தம்மா வேலை" என்றான் அவன்.

முதலாளி என்னைப் பார்த்தார். அவர் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை. சாக்கைத் தூக்கி என் கோரையும், மீந்திருந்த அவன் கோர் ஒன்றையும் எடுத்து நீட்டினேன்.

"ரெண்டையும் ஊதிப் பாருங்க. இது நான் செஞ்சதுங்க. இது அவரு சொன்னபடி செஞ்சதுங்க."

முதலாளி ஊதினார். என்னுடையதில் காற்று சுலபமாகப் போனது. இன்னொன்றை அவன் பக்கம் தள்ளினார். "நீ ஊதப்பா."

அவன் ஊதினான். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, காது சிவந்தது. காற்றுப் போகவில்லை.

"நல்லா ஊதுங்க சார், புல்லாங்குழலு!" என்றார் பின்னாலிருந்து குழம்பு ஊற்றுகிற அண்ணன். அன்று என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை எல்லோரும் அவனைப் பார்த்தும் சிரித்தார்கள்.

அவன் வேறு பவுண்டரிக்குப் போய்விட்டான். நான் ஓய்வு பெறும்வரை அதே மேசையில்தான் உட்கார்ந்தேன். அவன் மேல் இருந்த கோபத்தைப் போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். விட முடியவில்லை.

அன்று பொத்தல் விழுந்த பம்புகளைத் திரும்ப உருக்குமுன்பே, பீய்ச்சியடித்த ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். "எதுக்கு அம்மணி?" என்றார் முதலாளி. "செடி வைக்கறதுக்குங்க" என்றேன்.

அதன் ஒரு வாயைச் சிமெண்டால் அடைத்து, மண் போட்டு, கற்பூரவல்லி வைத்திருக்கிறேன். தினம் காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பக்கத்தில் உட்காருவேன். கொஞ்ச நேரத்தில் இரும்பின் வயிற்றுப் பொத்தல் வழியே ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். அது விழுவதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் காப்பி.