குழி இல்லாத குண்டு

"குண்டுதான் மேடம், சந்தேகமே இல்ல. வொயர் கெடைச்சிருக்கு, பவுடர் கெடைச்சிருக்கு, ஆளையும் புடிச்சாச்சு. நீங்க ரிப்போர்ட் குடுத்தா போதும்."

பாப்பாரப்பட்டி மாம்பழ மண்டி வாசலில் இன்ஸ்பெக்டர் என்னை வரவேற்றது இப்படித்தான். எண்பதுகளின் நடுவில், தடய அறிவியல் லேபில் நான் அசிஸ்டென்ட். வெடிச் சம்பவத்துக்குத் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. பயம்தான், ஆனால் உற்சாகம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

முந்தின நாள் காலையில் மண்டியைத் திறந்த சுமை தூக்கும் தொழிலாளி முனுசாமி லைட் சுவிட்சைப் போட்டிருக்கிறார். கூரையே பறந்துவிட்டது. முகமும் இரண்டு கையும் வெந்து தர்மபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். மண்டி முதலாளி காதர் பாய் ஸ்டேஷனில். அந்த வருஷங்களில் வெடி என்றாலே போலீசுக்குத் தீவிரவாதி ஞாபகம்தான் வரும். யாருக்கோ குண்டு பதுக்கி வைத்தார் என்று முடிவே கட்டிவிட்டார்கள். நானும் ஆமாம் போட்டால் மனிதர் வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டியதுதான்.

உள்ளே போனதும் நான் தேடியது குழியை. குண்டு வெடித்தால் அது இருந்த இடம் தெரியும். தரை பெயர்ந்திருக்கும், பக்கத்தில் இருந்தவை கூழாகியிருக்கும். இங்கே விழுந்த ஓட்டுச் சில்லுகளைப் பெருக்கினால் கோலம் போடலாம் போலத் தரை முழுசாக இருந்தது. வைக்கோலில் பரப்பிய மாம்பழங்கள் மேல்தோல் கருகியதோடு சரி. ஆனால் நான்கு சுவரும் வெளிப்பக்கம் தள்ளியிருந்தன, மூலைக்கு மூலை கரி நூல் நூலாகத் தொங்கியது. இது ஒரு இடத்தில் வெடித்ததே இல்லை, அறை முழுக்க வெடித்திருக்கிறது!

"கேஸ் வெடிச்சிருக்கு சார்! அந்த வொயர் பல்பு வொயர்."

"அப்ப பவுடரு?"

பவுடர் மூலையில் கிடந்த தகர டிரம்மைச் சுற்றித்தான் இருந்தது. பின் சுவரில் மழைத்தண்ணீர் இறங்கிய தடம். பவுடரைத் தண்ணீரில் கரைத்து, காரம் இருந்தால் நிறம் மாறுகிற பினால்ப்தலின் சொட்டு விட்டேன். பளிச்சென்று ரோஸ் நிறம்.

"லஞ்சக் கேஸ்ல கை கழுவுனா வருமே, அந்தக் கலரு!" இன்ஸ்பெக்டர் ஏனோ ஒரு அடி பின்வாங்கினார்.

"பயப்படாதீங்க சார், சுண்ணாம்புதான்."

டிரம்மின் அடியில் ஒட்டியிருந்த கட்டியை வெளியே கொண்டுவந்து உடைத்தேன். உள்ளே சாம்பல் நிறக் கல். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் புஸ்ஸென்று நுரைத்தது, அழுகிய பூண்டு மாதிரி நாற்றம். மாங்காய் பழுக்க வைக்கிற கார்பைட் கல்! தண்ணீர் பட்டால் கேஸைக் கக்கிவிட்டுச் சுண்ணாம்பாகிவிடும். கைதட்டிக் குதிக்கலாம் போலிருந்தது. கோடை மழை ஒழுகி டிரம்மில் இறங்க, பூட்டிய மண்டியில் ராத்திரி முழுக்க கேஸ் சேர்ந்திருக்கிறது. சுவிட்சின் ஒரு பொறி போதாதா? பஞ்சில் துடைத்து எடுத்த சாம்பிள்களிலும் வெடிமருந்து இல்லை என்று லேபில் பின்னால் உறுதியானது.

ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

"காதர் பாய், குண்டு இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு! கூரை ஒழுகி கார்பைட் டிரம்முல தண்ணி எறங்கியிருக்கு. அந்த கேஸ்தான் வெடிச்சிருக்கு."

சிரிப்பார், கையெடுத்துக் கும்பிடுவார் என்று நினைத்தேன். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"கல்லு வெடிக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா ஓடு ஒழுகுதுன்னு முனுசாமி சொல்லிட்டேதான் இருந்தானுங்க. சீசன் முடியட்டும்டான்னு நாந்தான் தள்ளிப்போட்டேன்." தன் இரண்டு கையையும் பார்த்தார். "அப்ப அவங் கையி என்னாலதான் வெந்துச்சுங்களா, மேடம்?"

என் உற்சாகமெல்லாம் வடிந்துவிட்டது. இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் மண்டியில் நான் பார்த்த தடயம் அப்படிச் சொல்லவில்லை.

"ஆமாங்க" என்றேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். யாரையும் மாட்டிவிடவோ காப்பாற்றவோ நாம் போவதில்லை, நடந்தது என்ன என்று பார்க்கப் போகிறோம். பாதியைச் சொல்லி மீதியை மறைக்க நமக்கு உரிமை இல்லை.

சாயங்காலம் காதர் பாயை விட்டார்கள். அவர் சம்சாரமும் பிள்ளைகளும் வாசலிலேயே காத்திருந்தார்கள். "வூட்டுக்குப் போங்க, வந்துடறேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார்.