ஜாடியின் கைப்பிடி

படம் வரையக் கல்லூரி உண்டென்பதே எனக்குப் பத்தொன்பது வயதில்தான் தெரிந்தது. அதற்குள் ஆறு வருடம் சிவகாசி அச்சகத்தில் தீப்பெட்டி லேபிள்களை அச்சுக்கல்லில் வரைந்திருந்தேன். கல்லில் இடவலம் மாற்றி வரைந்தால்தான் தாளில் நேராக விழும்.

சென்னையில் நுழைவுத் தேர்வு. மேசைமேல் ஜாடி ஒன்றை வைத்து, பார்த்து வரையச் சொன்னார்கள். கைப்பிடி வலப்பக்கம் இருந்தது. என் கை, பழக்கத்தில் அதை இடப்பக்கம் போட்டுவிட்டது.

“கண் தெரியாதா உனக்கு?” என்றார் தேர்வாளர். கல்லைப் பற்றி அவரிடம் என்னத்தைச் சொல்வது? தாளைச் சுருட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஊர் திரும்பி, அச்சகத்தில் என்னோடு கல்லில் வரைபவரிடம் தாளை விரித்து, கைப்பிடி வலப்பக்கம் இருந்ததையும் சொன்னேன். அவர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

“ஏலே, சரியாத்தான போட்டிருக்கே. பெறகு எதுக்கு அனுப்பிட்டாக?”