வெயில் மஞ்சளும் தகட்டு மஞ்சளும்

தகட்டில் நின்றவள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. வரவேண்டிய அவசியமும் இல்லை.

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் எட்டு வருடம் குச்சி அடுக்கினேன். பள்ளம் போட்ட மரச்சட்டங்களில் குச்சிகளை வரிசையாக வைத்து இறுக்குவோம். ஒன்றை ஒன்று தொடாமல் ஆயிரக்கணக்கான குச்சிகள் நட்டுக்க நிற்கும். அந்தச் சட்டத்துக்குக் கட்டை என்று பெயர். நிறைந்த கட்டையை, குச்சியின் நுனி படும்படி, சூடான இரும்புத் தகட்டின்மேல் கவிழ்த்து வைப்பார்கள். சூடு ஏறிய கையோடு நுனியை மெழுகில் முக்கி, பிறகு மருந்து முக்க அடுத்த கட்டடத்துக்கு அனுப்புவார்கள். சூடு சரியாக ஏறினால்தான் மரம் மெழுகைக் குடிக்கும். குடிக்காத குச்சியை உரசினால் மருந்து மட்டும் சீறிவிட்டு அணைந்துபோகும். சூடு அதிகமானால் நுனி கருகி, உரசும்போதே ஒடியும்.

இதைக் கடிகாரம் பார்த்துச் செய்ய முடியாது. அடுப்பு ஒரு நேரம்போல் ஒரு நேரம் எரிவதில்லை. கட்டையின் ஓரத்தைத் தூக்கி, குச்சியின் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். வெள்ளை மரம் மெல்ல மஞ்சளாகும். கண்ணை எடுத்தால் பழுப்பாகிவிடும். மஞ்சளில் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை. அடுக்கிக்கொண்டே எட்டு வருடமும் அதை ஓரக்கண்ணால் பார்த்து வந்திருக்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். ஆவணி மாதம், பட்டாசு சீசன் உச்சத்தில் இருந்தது. தகட்டில் நின்றவர், விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கூலி கூட என்று சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். தகடு நின்றால் கட்டை நகராது. கட்டை நகராவிட்டால் அடுக்குகிற பெண்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். சனிக்கிழமை சாத்தூரிலிருந்து ஆள் வருவான் என்று அவர் சொன்னபோது அன்றைக்குச் செவ்வாய்தான் ஆகியிருந்தது.

“அதுவரைக்கும் நான் நிக்கேன் அண்ணாச்சி,” என்றேன்.

“பொம்பளையாளு தகட்டுல நின்னதே இல்லையேம்மா.”

“வீட்டுல ரவை வறுக்கிறது யாரு அண்ணாச்சி? கருகுமுன்ன எறக்குற பக்குவம் எங்களுக்குத் தெரியாதா?”

பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்த என் மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆர்டர் கழுத்தை நெரித்ததால் அண்ணாச்சி தலையாட்டிவிட்டார்.

இரண்டு நாள் ஒரு குச்சிகூடச் சொதப்பவில்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை. சாத்தூர்க்காரன் வராமலே போனால் என்ன என்றுகூட நினைத்தேன். அந்த இடம் எனக்கு வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

வியாழக்கிழமைக் குச்சிகளை வெள்ளிக்கிழமை காலையில் அண்ணாச்சி உரசிப் பார்த்தார். பத்தில் ஆறு சீறிவிட்டு அணைந்தன.

“போதும் தாயி. நாளைக்கு ஆளு வந்துருவான். நீ அடுக்குற எடத்துக்கே போ,” என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. ஒவ்வொரு கட்டையையும் மஞ்சளில்தான் எடுத்தேன், எனக்கு நிச்சயமாகத் தெரியும். நேராகக் குச்சி மூட்டைக்குப் போய் ஒரு பிடி அள்ளினேன். தகட்டைப் பார்க்காத குச்சி, ஆனால் அதுவே மஞ்சளாக இருந்தது! ஒன்றை நகத்தால் நீளவாக்கில் பிளந்தேன். உள்ளே மரம் வெள்ளை. அப்போதுதான் நினைவு வந்தது. லாரியில் மழை நனைத்த லோடு அது, வியாழக்கிழமைதான் பிரித்திருந்தோம். முற்றத்தில் பத்து நாள் வெயிலில் கொட்டிக் காயவைத்திருந்தோம். மரத்தின் தோலில் வெயில் ஏற்றிய மஞ்சளைத் தகடு ஏற்றியது என்று நம்பி, சூடு உள்ளே போகுமுன்பே எடுத்திருக்கிறேன். நிறம் பார்க்கத் தெரியாதவள் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. தெரிந்த நான்தான் செய்ய முடியும்.

பிளந்த குச்சியை அண்ணாச்சியின் கையில் வைத்தேன்.

“இன்னைக்கு ஒரு நாள் குடுங்க அண்ணாச்சி. நாளைக்கும் அணைஞ்சுதுன்னா நானே போயி அடுக்குறேன்.”

அவர் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னைக்கு மட்டுந்தான்,” என்றார்.

அன்று முழுக்க, சூடு காட்டாத குச்சி ஒன்றை அதே மூட்டையிலிருந்து எடுத்துக் காதிடுக்கில் செருகிக்கொண்டேன். கட்டையைத் தூக்கும்போதெல்லாம் அதைப் பக்கத்தில் பிடித்து, இருக்கிற நிறத்தைப் பார்க்காமல் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தேன். அந்த மூட்டைக்கு மஞ்சள் போதாது, பழுப்பின் வாசல்வரை போக வேண்டும் என்று நாலாவது கட்டையில் ஒரு குச்சியைப் பிளந்து பார்த்ததும் பிடிபட்டது. மெழுகுக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்திருந்த முதல் மூன்றையும் மறுபடி தகட்டில் வைத்தேன். கை வெந்தது, முகம் வெந்தது. ஒரு வாய் தண்ணீருக்குக்கூட நகரவில்லை.

சனிக்கிழமை காலை சாத்தூர்க்காரர் தூக்குச்சட்டியோடு வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும். அவர் முன்னாலேயே அண்ணாச்சி உரச ஆரம்பித்தார். மதினியும் மற்றவர்களும் அடுக்குவதை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாம் நின்று எரிந்தன. பத்தாவது குச்சியை அண்ணாச்சி கீழே போடவில்லை. நகம்வரை வந்து சுட்ட பிறகுதான் “ஸ்ஸ்” என்று உதறினார்.

சாத்தூர்க்காரரிடம் திரும்பி, “ஏம்ப்பா, நீ மெழுகுல நில்லு. தகட்டுக்கு ஆளு இருக்கு,” என்றார்.

பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டையைத் தூக்கித் தகட்டில் வைத்தேன். சாத்தூர்க்காரர் மெழுகுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு, “கட்டை எப்பக்கா வரும்?” என்று கேட்டார்.

“நெறம் வந்ததும் நானே தருவேன், நில்லுங்க,” என்றேன்.